கேபின் மேல் நின்றவர்

எனக்கு வந்த இருபது கதைகளில் பன்னிரண்டில் யாராவது செத்துப்போனார்கள். நான்கு பேர் ரயிலில், மூன்று பேர் கடலில், ஒருத்தி மட்டும் என்ன காரணமோ மாடிப்படியில் வழுக்கி. மீதி நான்கு பேருக்குப் பெயர் தெரியாத காய்ச்சல். படிக்கிற எனக்கே ஜுரம் வந்துவிடும்போல இருந்தது. ஒரு ஆணும் ஆணும், அல்லது ஒரு பெண்ணும் பெண்ணும், காலையில் எழுந்து பல் துலக்கி, பஸ் பிடித்து வேலைக்குப் போய்விட்டு வந்து, துவைத்த துணியை யார் மடிப்பது என்று சண்டை போடுகிற மாதிரி ஒரு கதையாவது எழுதக் கூடாதா என்று பதினோராவது கதையின் ஓரத்தில் பென்சிலால் கிறுக்கி வைத்தேன். வக்கீல் அதைப் பார்த்துவிட்டாள்.

"நடுவர் கருத்தெல்லாம் எழுதக் கூடாது. மார்க் மட்டும்தான். விதி நாலு" என்றாள்.

வக்கீல் என்பது அவள் தொழில். நான் அவளைக் கூப்பிடுகிற பெயரும் அதுதான். ஆறு வருடமாக ஒரே வீட்டில் இருக்கிறோம். வீட்டுக்காரருக்கு நாங்கள் 'வேலைக்குப் போற ரெண்டு பொண்ணுங்க'. எங்களுக்கு நாங்கள் குடும்பம். அவளும் நண்பர்கள் சிலரும் சேர்ந்து மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஒரு சின்னப் பத்திரிகை கொண்டுவருகிறார்கள். எங்களைப் போன்றவர்களின் வாழ்க்கையை வைத்து ஒரு சிறுகதைப் போட்டி நடத்தலாம் என்று இந்த முறை ஆரம்பித்தார்கள். முப்பது கதை வந்தால் பெரிது என்று நினைத்த இடத்தில் நூற்றுப் பதினெட்டு வந்து குவிந்தது. நடுவருக்கு ஆள் பற்றாமல் என்னையும் பிடித்துப் போட்டார்கள்.

விதிகள் மொத்தம் பதினொன்று. ஃப்ரிட்ஜ் கதவில் ஒட்டியிருந்தாள். கதைக்கு எண்தான் உண்டு, பெயர் கிடையாது. கையால் எழுதி வந்தாலும் பிழைகூடத் திருத்தாமல் தட்டச்சு செய்துதான் நடுவருக்குப் போகும். எந்த எண் யாருடையது என்கிற பட்டியல் வக்கீலின் மேசை இழுப்பறையில், பூட்டுக்குள். எழுதியவர்களில் பாதிப் பேர் வீட்டுக்குத் தெரியாமல் எழுதியவர்கள். பெயர் வெளியே போனால் சிலர் குடியிருக்க முடியாது, சிலர் வேலையில் இருக்க முடியாது. அதனால் விதி ஒன்பது: எழுதியவரைத் தெரியும் என்று பட்டால் நடுவர் உடனே சொல்லிவிட்டு விலக வேண்டும், யாரிடமும் வாயைத் திறக்கக் கூடாது.

எனக்கு இதெல்லாம் புதிதில்லை. நான் ஒரு பரிசோதனைக் கூடத்தில் ரத்தம் எடுப்பவள். எங்கள் குழாய்களிலும் எண்தான். என் வேலையில் ஒரே ஒரு பெரிய பாவம் உண்டு. ஒருவர் ரத்தம் இருக்கிற குழாயில் இன்னொருவர் சீட்டை ஒட்டுவது. நரம்பு கிடைக்காமல் இரண்டு தடவை குத்தினால் திட்டோடு போய்விடும். சீட்டு மாறினால் மன்னிப்பே கிடையாது. ஒன்பது வருடத்தில் நான் ஒருமுறைகூட மாற்றி ஒட்டியதில்லை. பார்க்கிறவர்களிடமெல்லாம் இதைச் சொல்லிப் பெருமையடித்துக்கொள்வது என் வழக்கம். அந்தச் சனிக்கிழமைக்குப் பிறகு அடித்துக்கொள்வதில்லை.

அன்று காலைக் கூட்டம் ஓய்ந்து ஒன்பதரை மணிக்கு, பஞ்சு டப்பாவுக்குப் பின்னால் ஒளித்துவைத்திருந்த முப்பத்தேழாம் எண்ணை எடுத்தேன். ஐந்தே பக்கம்.

இரண்டு லிஃப்ட் மெக்கானிக்குகள். ஒருவர் கட்டடத்தின் உச்சியில் மோட்டார் அறையில். இன்னொருவர் கீழே இருட்டுக் குழிக்குள், லிஃப்ட் கேபினின் கூரைமேல் நின்று, கம்பி வடத்தில் கை வைத்து வேலை செய்கிறார். ஒருவருக்கொருவர் முகம் தெரியாது. குரல்தான். மேலே இருப்பவர் "ஸ்விட்ச் அணைச்சாச்சு" என்பார். கீழே இருப்பவர் "ஸ்விட்ச் அணைச்சாச்சு" என்று அதையே திருப்பிச் சொல்வார். "போடவா?" "போடு." "போடறேன்." சொன்ன வார்த்தை திரும்பி வராமல் இரண்டு பேரும் ஒரு விரலைக்கூட அசைக்கக் கூடாது. அசைத்தால் கை போகும், சில சமயம் ஆளே போய்விடுவார்.

இரண்டாவது பக்கத்திலேயே எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. ஏனென்றால் என் அப்பா லிஃப்ட் மெக்கானிக். எங்கள் வீட்டில் நான் பேசக் கற்றுக்கொண்டதே இப்படித்தான். "அடுப்பை அணை" என்று அப்பா சொன்னால் "அடுப்பை அணைக்கிறேன்" என்று சொல்லிவிட்டுத்தான் அணைக்க வேண்டும். சும்மா போய் அணைத்தால் "கேட்டுச்சா இல்லையான்னு எனக்கு எப்படித் தெரியும்? திருப்பிச் சொல்லு" என்பார். அம்மா சாகிற வரைக்கும் இதைக் கிண்டலடித்தாள். கல்யாணத்தன்று தாலி கட்டிவிட்டு "கட்டியாச்சு" என்றாராம். இவள் திருப்பிச் சொல்லாததால் ரொம்ப நேரம் முழித்துக்கொண்டு நின்றாராம்.

லிஃப்ட் மெக்கானிக்குகள் ஊரில் நூறு பேர் இருப்பார்கள் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு மூன்றாவது பக்கத்துக்குப் போனேன். அங்கே அந்த ஸ்க்ரூடிரைவர் இருந்தது.

'கைப்பிடியில் சிவப்பு நகப்பூச்சு. சின்னப் பெண் ஒருத்தி, ஒரு நிமிடம் ஓரிடத்தில் உட்காரத் தெரியாதவள், அம்மாவின் பாட்டிலைத் திருடிப் பூசிய பூச்சு. அடி வாங்கி அழுதாள். அதை நான் துடைக்கவில்லை. இன்றுவரை துடைக்கவில்லை.'

பூசியவள் நான்தான். எட்டு வயது. அப்பா என்னை அடித்தது வாழ்க்கையில் அந்த ஒரே ஒரு தடவை.

கதையின் முடிவு இது. ஒரு நாள் ஆறாவது மாடிக்கும் ஏழாவது மாடிக்கும் நடுவில், கேபின் மேல் நின்றவர், வடத்தில் கையை வைத்துக்கொண்டு, மேலே பார்த்து வேலைக்குச் சம்பந்தமில்லாத ஒன்றைக் கேட்கிறார். "நாம ரெண்டு பேரும் எங்கயாவது போயிடலாமா?" மேலேயிருந்து சத்தமே இல்லை. பன்னிரண்டு வருடமாக அவர் சொன்ன ஒவ்வொரு வார்த்தையும் மேலேயிருந்து திரும்பி வந்திருக்கிறது. இது மட்டும் வரவில்லை. கடைசியில் "போடவா?" என்று ஒரு குரல் வருகிறது, அவ்வளவுதான். 'பதில் வராமல் அசையக் கூடாது என்பது எங்கள் விதி. நான் இன்னும் அங்கேதான் நிற்கிறேன்' என்று கதை முடிந்தது.

"அக்கா, ஊசி போட்டு எவ்ளோ நேரம் ஆச்சு, பஞ்சை எடுக்கலாமா?" என்று முழங்கையை மடக்கிக்கொண்டு ஒருவர் முன்னால் நின்றார். அவரை எப்போது குத்தினேன் என்பதே எனக்கு ஞாபகமில்லை.

இப்போது என் பக்கத்தைச் சொல்லிவிடுகிறேன். ஐந்து வருடத்துக்கு முன்னால் ஒரு மத்தியானம், அப்பா மேசை விசிறியைக் கழற்றிவைத்துச் சரிசெய்துகொண்டிருந்தபோது, நான் எதிரில் நின்று சொன்னேன். "அப்பா, எனக்கு ஒரு பொண்ணைத்தான் பிடிச்சிருக்கு. அவகூடத்தான் இருக்கேன். இனிமேலும் இருப்பேன்." திட்டுவார் என்று நினைத்தேன். அழுவார் என்றுகூட நினைத்தேன். அவர் ஒரு திருகை முடுக்கினார், அப்புறம் இன்னொன்று. உப்பு எடு என்றால்கூடத் திருப்பிச் சொல்லச் சொல்கிற மனிதர், நான் சொன்னதைத் திருப்பிச் சொல்லவில்லை. நான் கால்மணி நேரம் நின்றேன். பிறகு விசிறி ஓட ஆரம்பித்தது.

நாங்கள் பேசாமல் ஒன்றும் இல்லை. மாதம் ஒருமுறை போவேன், ரத்தம் எடுப்பேன், பிரஷர் பார்ப்பேன். தண்ணீர் வருகிறதா, மாத்திரை இருக்கிறதா, இதெல்லாம் பேசுவோம். 'அவள்' என்கிற சொல் மட்டும் அந்த வீட்டுக்குள் ஐந்து வருடமாக நுழையவில்லை. அவர் ஒரே ஒரு தடவை அதைச் சொல்லிவிட்டால் போதும் என்று எனக்கு இருந்தது. திட்டிச் சொன்னாலும் சரி.

மத்தியானம் வீட்டுக்குப் போனதும் செருப்பைக்கூடக் கழற்றவில்லை.

"முப்பத்தேழு எங்க அப்பா எழுதினது" என்றேன்.

வக்கீல் நிமிர்ந்து பார்த்தாள். எழுந்துபோய் இழுப்பறையைத் திறந்து பட்டியலில் விரலை ஓட்டினாள். மூடினாள், பூட்டினாள். அவள் முகத்தில் ஒன்றும் இல்லை. கோர்ட்டுக்குப் போகிற முகம் அது; எனக்கு அதைப் பார்த்தாலே பற்றிக்கொண்டு வரும்.

"எழுதினவரைத் தெரியும்னு நீ நினைச்சா, விலகிக்கோ. கதை வேற நடுவருக்குப் போகும்."

"நினைக்கிறது என்ன நினைக்கிறது? எனக்குத் தெரியும்!"

"நினைச்சான்னுதான் சொன்னேன்."

"உனக்குப் புரியுதா இல்லையா? எங்க அப்பா! அவரு ஒரு ஆளை... பன்னெண்டு வருஷமா... அது நெட்டை மாமாவாத்தான் இருக்கும்!"

நெட்டை மாமா அப்பாவோடு வேலை பார்த்தவர். ஞாயிற்றுக்கிழமை தவறாமல் வீட்டுக்கு வருவார். எங்கள் வாசல் நிலையில் தலை இடிக்கும், ஒவ்வொரு தடவையும் நிலையிடம் மன்னிப்புக் கேட்பார். எனக்குப் பத்து வயதாக இருக்கும்போது வருவது நின்றுவிட்டது. மாற்றலாகிவிட்டது என்றார் அப்பா. அந்த மனிதர் மேல் அன்று எனக்கு வந்த கோபத்தைச் சொல்லி முடியாது. கேட்ட கேள்விக்குப் பதில் சொல்லாமல் என் அப்பாவை இருட்டுக் குழியில் நிற்கவைத்துவிட்டுப் போயிருக்கிறார்!

"போய்க் கேக்காதே" என்றாள் வக்கீல். "தயவுசெஞ்சு சொல்றேன். எழுதினவங்க யாரா இருந்தாலும், வெளிய தெரியாதுங்கற நம்பிக்கையிலதான் அனுப்பியிருக்காங்க. நீ வாயைத் திறந்தா அது போச்சு."

"அவரு எங்கிட்டயே மறைக்கிறாரா? அதுவும் எங்கிட்ட?"

"உக்காரு. ஒரு வாய் சாப்பிடு. நாளைக்குப் பேசலாம்."

"நீ விதியையே கட்டிட்டு அழு" என்று சொல்லிவிட்டு, முப்பத்தேழைப் பைக்குள் திணித்துக்கொண்டு கிளம்பிவிட்டேன். காலில் வெந்நீரைக் கொட்டிக்கொண்டவள் மாதிரி போவாள் என்று அம்மா என்னைச் சொல்வது வழக்கம். பஸ் சிக்னலில் நின்றபோதெல்லாம் எழுந்து எழுந்து எட்டிப்பார்த்தேன். இரண்டு நிறுத்தம் முன்னாலேயே இறங்கி நடந்தேன். நடந்தது போதாமல் கொஞ்சம் ஓடினேன். வழியெல்லாம் அவரிடம் என்ன பேசுவது என்று ஒத்திகை பார்த்தேன். ஒத்திகையில் அப்பா அழுதார், நான் அழவில்லை, ரொம்பப் பெருந்தன்மையாக இருந்தேன்.

அப்பாவுக்கு மூன்றாவது மாடி. லிஃப்ட் உண்டு. அவர் ஏறமாட்டார்.

"கதவைச் சாத்து."

"கதவைச் சாத்தறேன்."

"சத்தம் கேட்டியா? மூணாவது மாடியில நிக்கும்போது ஒரு இழுவை இழுக்குது பாரு. பிரேக் தேஞ்சுபோச்சு. பில்டிங் செக்ரட்டரிகிட்ட நாலு தடவ சொல்லிட்டேன், பூம்பூம் மாடு மாதிரித் தலைய ஆட்டுறான். உக்காரு."

"உக்கார்றேன்" என்றேன். உட்காரவில்லை. ஜன்னலுக்குப் போனேன், சமையலறைக்குப் போனேன், குழாயைத் திறந்து மூடினேன்.

"துருதுரு, சொன்னா செய்யணும்" என்றார். துருதுரு என்பது அவர் எனக்கு வைத்த பெயர். முப்பத்துநான்கு வயதிலும் அதுதான்.

"நீங்க எழுதினதைப் படிச்சேன்."

"நான் என்னத்த எழுதினேன்? செக்ரட்டரிக்கு எழுதின புகாரா?"

"நடிக்காதீங்கப்பா." பையிலிருந்து தாள்களை உருவி மேசையில் வைத்தேன். ஒத்திகை பார்த்ததெல்லாம் எங்கேயோ போய்விட்டது. பெருந்தன்மையும் போய்விட்டது. "பதில் வராம நிக்கிறது எப்படி இருக்கும்னு இவ்வளவு நல்லா எழுதத் தெரியுது உங்களுக்கு. அப்புறம் ஏன் அஞ்சு வருஷமா என்னை அதே மாதிரி நிக்க வெச்சீங்க? உங்களுக்கு ஒருத்தர் செஞ்ச கொடுமையை நீங்க எனக்குச் செய்யலாமா?"

அவர் தாளைத் தொடவில்லை. அதைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"என்ன இது?"

"கதை. போட்டிக்கு வந்தது. ஆம்பளையை விரும்புற ஆம்பளைங்க, பொண்ணை விரும்புற பொண்ணுங்க, இவங்களைப் பத்தின கதைப் போட்டி. நீங்கதான் எழுதியிருக்கீங்க."

"எத வெச்சு நான்னு சொல்ற?"

"சிவப்பு ஸ்க்ரூடிரைவர்."

அப்பாவின் முகத்தில் ஈயாடவில்லை. "அந்த இடத்தை மட்டும் படி" என்றார். படித்தேன். 'அதை நான் துடைக்கவில்லை. இன்றுவரை துடைக்கவில்லை' என்று வந்தபோது கண்ணை மூடிக்கொண்டார். மூடியபடியே கேட்டார்.

"எழுதினவன் எங்க நிக்கிறான்? மோட்டார் ரூம்லயா, கேபின் மேலயா?"

"கேபின் மேல."

"கேபின் மேல நின்னது நான் இல்ல."

எனக்குப் புரியவில்லை. அவர் வெறும் தொழில் பேசுவது மாதிரி சொன்னார்: "எனக்குக் கீழ பார்த்தா தலை சுத்தும். வேலைக்குச் சேர்ந்த மூணாம் நாளே தெரிஞ்சுபோச்சு. கம்பெனிக்குத் தெரிஞ்சா வீட்டுக்கு அனுப்பிடுவாங்க. நெட்டைதான், நான் நிக்கிறேன்டா, நீ மேல மோட்டார் ரூமுக்குப் போன்னான். பன்னெண்டு வருஷமும் அவன்தான் நின்னான். நான் ஒரு நாள்கூட கேபின் மேல கால் வெச்சதில்ல."

"ஸ்க்ரூடிரைவர்..."

"அது அவனோடது. அதனாலதான் உன்னை அடிச்சேன். என் சாமானா இருந்தா எதுக்கு அடிக்கப்போறேன்?"

வக்கீல் 'நினைச்சா' என்று சொன்னதும், பட்டியலைப் பார்த்துவிட்டு மூடியதும், அந்தக் கோர்ட் முகமும் இப்போதுதான் மண்டையில் ஏறின. ஒன்பது வருடத்தில் செய்யாததைச் செய்துவிட்டேன். ஒருவர் குழாயில் இன்னொருவர் சீட்டை ஒட்டி, அதைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்து, காட்டவே கூடாத ஆளிடம் காட்டியும்விட்டேன். எங்கேயோ ஒரு வீட்டில், பெயர் வெளியே போகாது என்று நம்பிக்கொண்டு நெட்டை மாமா உட்கார்ந்திருக்கிறார்.

அதைவிட மோசமான இன்னொன்று பின்னாலேயே வந்தது. மேலே நின்று பதில் சொல்லாத ஆள் யார்?

"அப்போ, போயிடலாமான்னு கேட்டது மாமா. பதில் சொல்லாதது..."

"நான்தான்" என்றார் அப்பா. "குடு."

கொடுத்தேன். விதி ஒன்பது ஏற்கெனவே செத்துக் கிடந்தது. கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு, உதடு அசைய, ஒரு வார்த்தை விடாமல் படித்தார். நான் அந்த வீட்டை எத்தனை சுற்றுச் சுற்றினேன் என்று தெரியாது. அலமாரியில் மாத்திரை டப்பாக்களை உயரவாரியாக அடுக்கினேன். கலைத்துவிட்டு மறுபடி அடுக்கினேன். அவர் மேல் கோபமாக வந்தது. ஒரே மனிதர் இரண்டு பேரை இப்படி நிற்கவைத்திருக்கிறாரே என்று. பாவமாகவும் இருந்தது. இரண்டும் ஒன்றாக வந்தால் எனக்கு அழுகை வராது, தும்மல்தான் வரும். ஏழெட்டுத் தடவை தும்மினேன்.

ஐந்தாவது பக்கத்தை முடித்துவிட்டுத் தாள்களைத் தட்டி நேராக்கினார்.

"ஒண்ணு தப்பா எழுதியிருக்கான். நான் 'போடவா'ன்னு கேக்கல."

"பின்ன?"

"ஒண்ணுமே கேக்கல. ஸ்விட்ச் பக்கத்துல அரைமணி நேரம் சும்மா நின்னேன். கீழ ஏழாவது மாடியில ஜனங்க கதவைத் தட்டுறாங்க. அவன் இருட்டுல நிக்கிறான். நான் வாயைத் திறக்கல. கடைசியில அவனே கேபினை விட்டு இறங்கி, படியேறி மேல வந்தான். என் மூஞ்சியைப் பார்த்தான். டூல் பாக்ஸை எடுத்துட்டுப் போயிட்டான். மறுநாள் வேற டெப்போவுக்கு மாத்தல் கேட்டு எழுதிக் குடுத்துட்டான்." தாளைத் தடவினார். "நான் ஏதோ கேட்டதா எழுதியிருக்கான் பாரு. எம்மேல கருணை."

"ஏம்ப்பா சொல்லல?"

"என்னன்னு சொல்றது? போலாம்னு சொன்னா உன்னையும் உங்கம்மாவையும் விட்டுட்டுப் போகணும். போக வேணாம்னு சொன்னா அது பொய். எதைச் சொன்னாலும் அவன் திருப்பிச் சொல்லுவான். அவன் வாயால அதைக் கேக்கணும்."

"அம்மாவுக்குத் தெரியுமா?"

"உங்கம்மாவுக்குத் தெரியாததுன்னு ஒண்ணு உண்டா? நெட்டை ஏன் வரலன்னு ஒரு வாரம் கேட்டா. அப்புறம் ஒரு நாள் ரெண்டு தட்டுதான் வெச்சா, உனக்கும் எனக்கும். தனக்குப் பசியில்லன்னுட்டா. அதுக்கப்புறம் கேக்கவே இல்ல."

அந்த ஒரு நாளுக்காக அம்மாவை நினைத்து எனக்குப் பாவமாக இருந்தது. ஆனால் நான் வந்த காரியம் அப்படியே இருந்தது. அதை விட்டுவிட்டுப் போக எனக்கு மனசு வரவில்லை.

"அது அன்னிக்கு. எனக்கு ஏன் பதில் சொல்லல? நான் உங்களை யாரையும் விட்டுட்டு வரச் சொல்லலையே. நான் சொன்னதைத் திருப்பிச் சொன்னா போதுமே."

லிஃப்ட் வந்து நின்று ஒரு இழுவை இழுத்தது. அதற்குக்கூட அப்பா திரும்பவில்லை.

"நீ சொன்னதை என் வாயால சொன்னா, அதோட நிக்காதுன்னு பயம்" என்றார். "அடுத்த வார்த்தை என்ன வரும்னு எனக்கே தெரியல. அதான் விசிறியை முடுக்கினேன். அன்னிக்கு அந்த விசிறியில ரிப்பேரே இல்ல."

நான் உட்கார்ந்தேன். அந்த வீட்டில் அன்று முதல் தடவையாக உட்கார்ந்தேன்.

"பரிசு கிடைக்குமா அவனுக்கு?"

"எனக்குத் தெரியாது. நான் விலகியாச்சு. உங்ககிட்ட காட்டினது தெரிஞ்சா என்னை வீட்டை விட்டே தொரத்தினாலும் தொரத்துவாங்க."

"நல்லாத்தான் எழுதியிருக்கான். எழுத்துப் பிழைதான் ஏகப்பட்டது. வேலைச் சீட்டுலயும் இப்படித்தான் எழுதுவான்." எழுந்துபோய் ஒரு தாளும் பேனாவும் எடுத்துவந்தார். எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு என்னவோ எழுதினார். ஒரு வரிக்கு மேல் இருக்காது. நான்காக மடித்து, நாலு ஓரத்திலும் பசை தடவி ஒட்டினார். என்னைத் தெரிந்தவர் இல்லையா. மேலே 37 என்று மட்டும் போட்டார்.

"இதை அவங்கிட்ட சேர்க்க வழி இருக்கா? விலாசம் கேக்கல. யாருன்னு எனக்குத் தெரிஞ்சதா நீ யாருக்கும் சொல்லவும் வேணாம்."

விதிப்படி வழி இருந்தது. வாசகர் எண்ணைப் போட்டுக் கடிதம் எழுதினால் முடிவு அறிவித்த பிறகு பிரிக்காமல் அனுப்பிவைப்பார்கள். விதி பதினொன்று. வக்கீல் அதைச் சேர்த்தபோது, 'இதெல்லாம் யாரு எழுதப்போறா' என்று சிரித்தவள் நான்தான்.

"இருக்கு. ஆனா நான் அனுப்ப முடியாது. பட்டியல் வெச்சிருக்கறவங்ககிட்டதான் குடுக்கணும்."

"யார்கிட்ட இருக்கு?"

சொல்வதா வேண்டாமா என்று ஒரு நிமிடம் யோசித்தேன். ஐந்து வருடமாக அந்த வீட்டுக்குள் நுழையாத சொல் நாக்கு நுனியில் நின்றது.

"அவகிட்டதான்" என்றேன்.

அப்பா கண்ணாடியைக் கழற்றினார். மடித்து உறையில் வைத்தார். உறையை மேசையில் வைத்தார். மேசையில் அதை இன்னும் கொஞ்சம் தள்ளிவைத்தார். நான் காத்திருந்தேன். பிறகு ஒட்டிய கடிதத்தை என் கையில் கொடுத்து, "கதவைச் சாத்திட்டுப் போ" என்றார்.

"கதவைச் சாத்திட்டுப் போறேன்" என்றேன். வேறென்ன சொல்வது.

படியில் இறங்கும்போது எனக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது. இத்தனைக்கும் பிறகும் அதே மனிதர்தான். எல்லாவற்றையும் ஒப்புக்கொள்ளத் தெரிகிறது, ஒரு வார்த்தையைத் திருப்பிச் சொல்ல வரவில்லை. வீட்டுக்குப் போனால் வக்கீலிடம் செய்ததைச் சொல்ல வேண்டும். அவள் கத்தமாட்டாள், அதுதான் பிரச்சினை. கோர்ட் முகத்தோடு பட்டியல் இழுப்பறையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். மாமாவிடம் மன்னிப்புக் கேட்கவும் எனக்கு வழியில்லை. கேட்டால் அவரைத் தெரியும் என்று ஆகிவிடும். கீழே வந்து, தெருவில் நின்றிருந்த தள்ளுவண்டியைச் சுற்றிக்கொண்டு நாலு அடி வைத்திருப்பேன்.

"துருதுரு!"

தலையைத் தூக்கினேன். மூன்றாவது மாடி ஜன்னல் கம்பியை இரண்டு கையாலும் இறுகப் பிடித்துக்கொண்டு அப்பா கீழே பார்த்துக்கொண்டிருந்தார். அவர் கீழே பார்த்து நான் பார்த்ததே இல்லை. முகம் வெளுத்திருந்தது. கட்டடத்தில் காய்ந்துகொண்டிருந்த துணிகளுக்கு நடுவிலிருந்து, தெரு முழுக்கக் கேட்கிற மாதிரி, பழைய வேலைக் குரலில் கத்தினார்.

"அடுத்த தடவ வரும்போது அவளையும் கூட்டிட்டு வா!"

தள்ளுவண்டிக்காரர் திரும்பிப் பார்த்தார். முதல் மாடிப் பெண் துணி எடுப்பதை நிறுத்தினாள். ஐந்து வருடமாக எந்த வார்த்தைக்காக நின்றேனோ அது மேலேயிருந்து விழுந்துவிட்டது, நான் அதைப் பிடிக்கத் தெரியாமல் நின்றேன்.

"கேட்டுச்சா இல்லையா? திருப்பிச் சொல்லு!"

தொண்டையைச் செருமினேன். தெருவில் ஆட்கள் பார்க்கிறார்கள் என்பது தெரிந்தது. இன்னும் நாலு பேர் பார்த்தாலும் பரவாயில்லை என்றும் தெரிந்தது.

"அவளையும் கூட்டிட்டு வர்றேன்!"

அதைக் கேட்ட பிறகுதான் அப்பா ஜன்னலை விட்டு நகர்ந்தார்.